ஓ.பி. குறிப்புகளை ஏ.ஐ.யிடம் எழுத வைப்பது எப்படி? என் கிளினிக்கில் பழகிய வழி

மாலை ஓ.பி. 9 மணிக்கு முடியும். கேஸ் ஷீட்டெல்லாம் எழுதி முடிக்க 10.30 ஆகிவிடும். இப்போது 9.15-க்குக் கதவைப் பூட்டுகிறேன். நாம் பேசுவதைக் கேட்டுக் குறிப்பு எழுதும் ஏ.ஐ. செயலியை இறக்கிக் கணக்குத் தொடங்குவதெல்லாம் உங்களுக்கே தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. நோயாளியிடம் கேளுங்கள். "குறிப்பு எழுதறதுக்காக நாம பேசறதைப் பதிவு பண்றேன், சரியாம்மா?" வேண்டாம் என்றால் பழையபடி பேனாதான்.

2. மைக். போனை மேஜையில் வைத்தால் மின்விசிறிதான் பதிவாகும். சட்டைக் காலரில் மாட்டும் மைக் வாங்குங்கள், அதுவும் வயர் உள்ளது. புளூடூத் மைக் சரியாகக் கூட்டம் நிற்கும்போது சார்ஜ் இறங்கிக் கழுத்தறுக்கும்.

3. நான் சறுக்கியது இங்கேதான். ஸ்டெத் வைத்ததும் அறை அமைதியாகிவிடும். நான் முதலில் வைத்திருந்த செயலி அந்த அமைதியைச் சும்மா விடவில்லை. "நுரையீரல் இருபுறமும் தெளிவு" என்று தானாகவே எழுதிவிட்டது. எனக்குக் கேட்டதோ வலது கீழ்ப்பக்கம் கிரெப்ஸ், அதாவது நுரையீரலில் கோளாறு இருந்தால் கேட்கும் நெறுநெறு சத்தம்! 2024-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பேச்சை எழுத்தாக்கும் ஓபன்ஏஐ-யின் விஸ்பர் மென்பொருள் எழுதித் தந்த பதிவுகளில் சுமார் 1 சதவீதத்தில் யாருமே பேசாத வாக்கியங்கள் இருந்தன. இடையில் மௌனம் அதிகமானால் இந்தக் கற்பனையும் அதிகம்.

அதனால் ஸ்டெத்தைக் கழற்றியதும் கண்டதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "வலது கீழே கிரெப்ஸ், இடது சரி, வயிறு பார்க்கவில்லை." முதல் வாரம் கிரிக்கெட் வர்ணனை மாதிரி கூச்சமாக இருந்தது. நோயாளிகளுக்கோ பிடித்துவிட்டது, டாக்டர் விளக்கிச் சொல்கிறாராம்.

4. நோயாளி எழுந்திருக்கும் முன் படித்துப் பாருங்கள். மருந்தின் அளவு, இடமா வலமா, உண்டா இல்லையா, இந்த மூன்றும் முக்கியம். "சுகர் மாத்திரையை விட்டுட்டேன்" என்பது 'மாத்திரை எடுக்கிறார்' என்று வந்திருக்கிறது. "நெஞ்சு கரிக்குது" என்றால் 'நெஞ்சுவலி'. இரவில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் 40 பேர் குறிப்பும் ஒரே ஆளுடையது போலத் தெரியும். அப்புறம் எதைத் திருத்துவது?

பின்சேர்க்கை: கூட வந்தவர் பேசுவதையும் நோயாளி சொன்னதாக எழுதுகிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். "அம்மாவுக்கு எப்போ இருந்து காய்ச்சல்?" என்று கேள்வியிலேயே ஆளைச் சொல்லிவிடுங்கள். ஒரு மகளின் முழங்கால் வலி அம்மா கணக்கில் ஏறிய பிறகு, கூட வந்தவர்கள் சொந்தக் கதையைத் தொடங்கினாலே நான் பதிவை நிறுத்திவிடுகிறேன்.