பெர்மிசிபிள்: ‘அனுமதிக்கத்தக்க’ என்பதைப் பிழையின்றிப் பயன்படுத்த

ஆங்கிலத்தில் ‘பெர்மிசிபிள்’ என்ற பெயரடை, ஒரு செயலோ அளவோ விதிகளின்படி அனுமதிக்கத்தக்கது என்பதைக் குறிக்கிறது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு குடிநீர்ப் பரிசோதனை அறிக்கையில் இருக்கிறது. ஐஎஸ் 10500 என்ற இந்தியத் தரநிலையின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்களுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமை ‘அக்செப்டபிள்’, அதாவது ஏற்கத்தக்க அளவு என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் மட்டும் 2000 மில்லிகிராமை ‘பெர்மிசிபிள்’ அளவு என்றும் வகுத்துள்ளது. ஆகவே, அறிக்கையில் இச்சொல்லைக் கண்டதும் நீர் சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. விதி இடம்கொடுக்கும் கடைசி எல்லையையே அது சுட்டுகிறது.

இச்சொல் செயலுக்கும் பொருளுக்கும் அளவுக்கும் பொருந்துமே தவிர, அனுமதி பெறும் ஆளுக்குப் பொருந்தாது. ‘எனக்கு உள்ளே செல்ல அனுமதி இல்லை’ என்று சொல்ல ‘ஐ ஆம் நாட் பெர்மிசிபிள்’ என்பது பிழை. ‘ஐ ஆம் நாட் பெர்மிட்டட் டு என்டர்’ என்பதே சரி. ‘பெர்மிசிவ்’ என்பதோ முற்றிலும் வேறு சொல்: பிள்ளைகளைக் கண்டிக்காமல் அவர்கள் போக்கிலேயே விட்டுவிடும் பெற்றோரை அவ்வாறு குறிப்பிடுவார்கள்.