அமில மண் கரும்புக்குப் பொட்டாஷ்: மூட்டைக் கணக்கில் நேரும் தவறுகள்

மழை மிகுந்த வெப்பமண்டலப் பகுதிகளில், செம்மண்ணிலும் செம்புறை மண்ணிலும் கரும்பு வைத்திருப்பவர்களிடம் பொட்டாஷைப் பற்றிப் பேச்செடுத்தால், "எத்தனை மூட்டை போடலாம்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். போட்டது மண்ணில் நிற்குமா என்ற கேள்வி வருவது அபூர்வம். ஆனால் அமில மண்ணில் பொட்டாஷ் வீணாவதற்குக் குறைவாகப் போட்டது மட்டும் காரணமல்ல. மண்ணால் அதைப் பிடித்துவைக்க முடிவதில்லை, வேரால் அதை எட்ட முடிவதில்லை. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் மூட்டையைக் கூட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதுதான்.

பொட்டாஷ் உரம் தரும் சத்தான பொட்டாசியம் ஒரு நேர்மின் அயனி. களிமண், மட்கு ஆகியவற்றின் மேற்பரப்பில் உள்ள எதிர்மின் இடங்கள்தான் அதைப் பிடித்து வைக்கின்றன. நெடுங்காலம் மழையில் ஊறித் தேய்ந்த மண்ணில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கயோலினைட் களிமண்ணும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும். இவற்றில் அந்த இடங்கள் குறைவு. கார அமில நிலை 5.5-க்குக் கீழே இறங்கும்போது அலுமினியம் கரைந்து வந்து, இருக்கிற சில இடங்களிலும் உட்கார்ந்துகொள்கிறது. பொட்டாசியம் அமர இடமின்றி மழைநீரோடு கீழே இறங்கிவிடுகிறது. அதே அலுமினியம் வேர் நுனிகளைத் தடித்துக் குட்டையாக்கிவிடுவதால், கீழே போனதைத் துரத்திப் பிடிக்க வேரும் இல்லை.

சுண்ணாம்பை ஒத்திப்போட்டுப் பொட்டாஷைக் கூட்டுவது

தவறுகளில் தலையாயது இதுதான். சுண்ணாம்புக்கல் தூள் வேலை செய்ய நாளாகும். பொட்டாஷ் உடனே கரையும். எனவே அவசரத்தில் கை போவது பொட்டாஷ் மூட்டைக்குத்தான். சுண்ணாம்பு இடும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. அலுமினியம் ஹைட்ராக்சைடாகப் படிந்து, பிடித்துவைத்திருந்த இடங்களைக் காலி செய்கிறது. கார அமில நிலை உயர உயர, மட்கிலும் ஆக்சைடுகளிலும் புதிய எதிர்மின் இடங்கள் உருவாகின்றன. அதே அளவு பொட்டாஷ், அதே மழை. ஆனால் நிற்பது கூடுகிறது. நடவுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே, மண்ணில் ஈரம் இருக்கும்போது சுண்ணாம்பை இட்டு உழுது கலந்துவிட வேண்டும். கரணை (நடவுக்கான கரும்புத் துண்டு) ஊன்றும் அன்று மேலாகத் தூவினால், முதல் பருவத்தில் பெரிதாகப் பயன் தெரியாது.

சுண்ணாம்பிலும் ஒரு தேர்வு உண்டு. அமில மண்ணில் மக்னீசியமும் பெரும்பாலும் பற்றாக்குறைதான். அங்கே பொட்டாஷை மட்டும் தாராளமாக இட்டால், அது மக்னீசியத்தை வேருக்குள் விடாமல் தடுக்கும். முதிர்ந்த தோகைகளில் துருப்பிடித்ததுபோலச் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றும். மண் பரிசோதனையில் மக்னீசியம் குறைவாக இருந்தால் மக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல்லான டோலமைட் இடுவது நல்லது. போதுமானதாக இருந்தால் சாதாரணச் சுண்ணாம்பே போதும்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. கார அமில நிலையை 7-க்குக் கொண்டுபோய் நிறுத்தினால்தான் மண் 'சரியாகும்' என்று சிலர் சுண்ணாம்பைக் கொட்டுகிறார்கள். கரும்பு அமிலத்தை ஓரளவு தாங்கக்கூடிய பயிர். அலுமினியம் அடங்கினால் போதும். அதற்கு மேல் போனால் துத்தநாகமும் மாங்கனீசும் கிடைக்காமல் போகும்; கால்சியம் மிகுந்து, பொட்டாசியத்தோடு போட்டிக்கு நிற்கும். ஜிப்சமும் அப்படித்தான். அடிமண்ணின் அலுமினிய நஞ்சைத் தணித்து வேரை ஆழத்துக்கு அனுப்புவதில் அது கெட்டிக்காரப் பொருள். ஆனால் அளவு மீறினால் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் தன்னோடு கீழே இழுத்துச் சென்றுவிடும். மணற்பாங்கான மண்ணில் இந்த இழப்பு வேகமாக நடக்கும்.

மியூரியேட் மண்ணைப் புளிக்கவைக்கும் என்று நம்புவது

மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. பெயரில் குளோரைடு இருப்பதால் அது அமிலத்தைக் கூட்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இது ஒரு நடுநிலை உப்பு. நிலையான அமிலத்தன்மையை உண்டாக்குவதில்லை. மண்ணை ஆண்டுக்காண்டு புளிக்கவைப்பது அம்மோனியம் சல்பேட்டும், அதற்குக் குறைந்த அளவில் யூரியாவும்தான். அவற்றிலிருந்து வரும் அம்மோனியம், மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் பிறக்கிறது. ஆக, தழைச்சத்து செய்த குற்றத்துக்குப் பொட்டாஷ் தண்டனை அனுபவிக்கிறது.

இந்தப் பயத்தில் சல்பேட் ஆஃப் பொட்டாஷுக்கு மாறுபவர்கள் அதிகப் பணம் கொடுத்துக் குறைந்த பொட்டாஷை வாங்குகிறார்கள். மியூரியேட்டில் 60 சதவீதம், சல்பேட்டில் 50 சதவீதம். புகையிலையைப்போலக் குளோரைடுக்கு முகம் சுளிக்கும் பயிரல்ல கரும்பு. மண்ணில் கந்தகம் குறைவாக இருந்தாலோ, உப்பு ஏற்கெனவே தேங்கியிருந்தாலோ சல்பேட்டுக்குக் காரணம் உண்டு. மற்றபடி மியூரியேட்டே போதும். ஒரு விஷயத்தை மட்டும் மறைக்கக் கூடாது: மழையில் கழுவப்படும் குளோரைடு தனியாகப் போகாது, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போகும். டோலமைட்டைப் பற்றி மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரணைக்கு அடியில் மொத்தமாகக் கொட்டுவது

உரங்களின் உப்புக் குறியீட்டில் சோடியம் நைட்ரேட்டை 100 என்று வைத்துக்கொண்டால், பொட்டாசியம் குளோரைடு 116-இல் நிற்கிறது, சல்பேட் 46-தான். முழுப் பருவத்துக்குமான மியூரியேட்டைச் சாலில் கொட்டி, அதன்மேலேயே கரணையை வைத்தால் என்னவாகும்? மழை தாமதித்தால் உப்புக் கரைசல் கரணை வேர்களிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். கண்கள் ஒழுங்கின்றி முளைக்கும். சாலில் இடைவெளி விழும். அமில மண்ணில் இன்னொரு சங்கடமும் சேர்கிறது. செறிவான அந்த உப்பு, மண்துகள்களில் ஒட்டியிருக்கும் அலுமினியத்தைத் தற்காலிகமாகக் கரைசலுக்குள் தள்ளிவிடும். இளம் வேர் முதலில் சந்திப்பது அதைத்தான்.

சாலில் இடும் அளவைக் குறைத்து, உரத்துக்கும் கரணைக்கும் நடுவே மண் இருக்கும்படி செய்ய வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் பாதியை அடியுரமாகவும், மீதியைத் தூர் கட்டி முடிந்து மண் அணைக்கும்போதும் இடுவது பலன் தரும். களிப்பாங்கான, மட்கு நிறைந்த நிலத்தில் நான்கைந்து முறை பிரித்துப் போட்டு ஆள்கூலியை வளர்க்கத் தேவையில்லை. கரும்பு வேகமாக வளரும் மாதங்களில்தான் பொட்டாசியத்தை அள்ளுகிறது. அறுவடை நெருங்கும்போது "இனிப்பு ஏறட்டும்" என்று மண்ணில் தூவுவதால் இனிப்பு ஏறாது.

இலைவழித் தெளிப்பைப் பற்றி ஒரு சிறு கணக்கு போதும். 500 லிட்டர் நீரில் 2 சதவீத மியூரியேட் என்றால் 10 கிலோ உப்பு, அதாவது 6 கிலோ பொட்டாஷ். வறட்சியைச் சமாளிக்க அது உதவலாம். பயிரின் தேவைக்கு எந்த மூலைக்கும் காணாது.

அலகைக் குழப்பிக்கொள்வது

ஆய்வுக்கூட அறிக்கையில் பொட்டாசியம் என்ற தனிமம் இருக்கும். உர மூட்டையில் பொட்டாசியம் ஆக்சைடு என்ற கணக்கு இருக்கும். முன்னதை 1.2-ஆல் பெருக்கினால் பின்னது கிடைக்கும். ஹெக்டேருக்கு 150 கிலோ பொட்டாசியம் என்று ஒரு பரிந்துரை வருவதாக வைத்துக்கொள்வோம். அது 180 கிலோ ஆக்சைடு, அதாவது 300 கிலோ மியூரியேட். அதையே ஆக்சைடு என்று வாசித்தவர் 250 கிலோவோடு நிறுத்திக்கொள்வார். உரத்தின் எடை என்று நினைத்தவர் 150 கிலோதான் போடுவார், தேவையில் சரிபாதி.

மண்ணின் கையிருப்பையும் இதேபோல் கணக்கிடலாம். பரிமாற்றப் பொட்டாசியம் (மண்துகள்களில் ஒட்டியிருந்து வேருக்குக் கிடைக்கக்கூடியது) கிலோவுக்கு 0.15 சென்டிமோல் என்று அறிக்கை சொன்னால், அது கிலோ மண்ணுக்கு 58 அல்லது 59 மில்லிகிராம். ஹெக்டேரின் மேல்மண்ணை 20 லட்சம் கிலோ என்று கொண்டால் சுமார் 117 கிலோ பொட்டாசியம், ஆக்சைடாக 140 கிலோ. 100 டன் விளையும் கரும்பு, தண்டும் தோகையுமாக ஏறத்தாழ 150 முதல் 250 கிலோ ஆக்சைடை எடுத்துக்கொள்ளும். கையிருப்பு முழுவதையும் சுரண்டினாலும் ஒரு பயிருக்கே சிரமம். இலைட் போன்ற களிமண் கனிமங்கள் உள்ள மண்ணில், அடுக்குகளுக்குள் ஒளிந்திருக்கும் பொட்டாசியம் மெல்ல மெல்ல வெளிவந்து கைகொடுக்கும். கயோலினைட் மண்ணில் அப்படியொரு சேமிப்புக் கணக்கே கிடையாது. வளமான கரிசலுக்கென எழுதிய பரிந்துரையை இங்கே அப்படியே எடுத்துவந்தால் பொருந்தாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

கண்ணால் பார்த்து முடிவெடுப்பது

பொட்டாசியம் குறைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது முதிர்ந்த தோகை. நுனியும் ஓரமும் மஞ்சளாகி, ஆரஞ்சு ஏறி, பிறகு கருகும். தோகையைப் பிரித்து நடுநரம்பின் மேற்புறத்தைப் பாருங்கள். அங்கே சிவப்பு படர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். தண்டு மெலிந்து, குருத்துத் தோகைகள் விசிறிபோல ஒன்றுகூடி நிற்கும். ஆனால் நீர்ப்பற்றாக்குறையிலும் ஓரம் கருகும். மக்னீசியக் குறையும் முதிர்ந்த தோகையில்தான் தெரியும். அடையாளம் பளிச்சென்று தெரியும் நேரத்தில் விளைச்சல் ஏற்கெனவே குறைந்திருக்கும். மண், இலைப் பரிசோதனைகளே நம்பகமானவை. மாதிரி எடுக்கும்போது உரம் விழுந்த சாலிலிருந்து மட்டும் எடுத்தால் முடிவு பொய்யாகிவிடும். மேல் 20 சென்டிமீட்டரோடு நிறுத்தாமல் அடுத்த 20 சென்டிமீட்டரையும் தனியாகச் சோதித்தால், கழுவப்பட்ட பொட்டாசியம் அங்கே தங்கியிருக்கிறதா, அலுமினியம் வேரை மறிக்கிறதா என்பது இரண்டும் தெரியும்.

ஆலையிலிருந்து வருவதைக் கணக்கில் எடுக்காதது

ஆலைக் கழிவான பிரஸ்மட்டை இட்டுவிட்டுப் பொட்டாஷைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் மணிச்சத்தும் கால்சியமும் உண்டு, பொட்டாசியம் சொற்பம். மாறாக, எரிசாராய ஆலையின் கழிவுநீரில் பொட்டாசியம் மிகுதி. அதைப் பாய்ச்சிய வயலுக்கு மேலும் மியூரியேட் போடுவது வெட்டிச் செலவு. பிரேசிலின் சாவோ பாவுலோ மாநிலத்தில், மண்ணின் நேரயனிப் பரிமாற்றத் திறனில் (நேர்மின் அயனிகளைப் பிடித்துவைக்கும் மொத்தக் கொள்ளளவில்) பொட்டாசியம் 5 சதவீதத்தைத் தாண்டினால், பயிர் எடுக்கும் அளவுக்கு மேல் கழிவுநீர் பாய்ச்சக் கூடாது என்று விதியே இருக்கிறது. காரணம் நிலத்தடி நீர் மட்டுமல்ல. கரும்பு தனக்குத் தேவையில்லாவிட்டாலும் கிடைக்கிற பொட்டாசியத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது சாற்றில் சாம்பலாக ஏறி, சர்க்கரை படிகமாவதைத் தடுத்து, அதைக் கழிவுப்பாகில் தங்கவைக்கும். டன் கணக்கு நன்றாக இருக்கும், சர்க்கரைக் கட்டுமானம் (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் விகிதம்) இறங்கியிருக்கும்.

மறுதாம்புக்குப் பொட்டாஷைக் கைவிடுவது

நடவுப் பயிருக்குப் பார்த்துப் பார்த்து இட்டவர்கள், மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் பயிர்) வந்ததும் யூரியாவோடு நிறுத்திவிடுகிறார்கள். பொட்டாஷ் இல்லாமல் தழைச்சத்து மட்டும் கிடைத்தால் தழைப்பு வரும். தோகையில் உருவாகும் சர்க்கரை தண்டுக்கு இறங்குவது மந்தப்படும். முந்தைய அறுவடை எடுத்துச் சென்றதை நிரப்பாததால், ஒவ்வொரு மறுதாம்பிலும் பள்ளம் ஆழமாகும்.

இந்தக் கணக்கில் சோகைக்கும் (கரும்பின் காய்ந்த தோகைக்கும்) பங்கு உண்டு. ஹெக்டேருக்கு 10 டன் உலர்ந்த சோகையும் நுனித் தோகையும் விழுந்து, அதில் பொட்டாசியம் 0.5 சதவீதம் என்று வைத்தால் 50 கிலோ. அது 60 கிலோ ஆக்சைடு, 100 கிலோ மியூரியேட்டுக்குச் சமம். பொட்டாசியம் தாவரத் திசுவில் இறுகப் பிணைந்து கிடப்பதில்லை. சோகை மட்கும்வரை காத்திருக்க வேண்டாம், நல்ல மழை பெய்தாலே பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கிவிடும். எரித்தால் சாம்பலில் தங்கும், ஆனால் காற்றும் முதல் பெருமழையும் அள்ளிச் சென்றது போக மீதிதான். சோகையைக் கட்டி எரிபொருளுக்கு அனுப்பினால் மொத்தமும் வயலை விட்டுப் போய்விடும். அந்த ஆண்டு மறுதாம்புக்கான உரத்தைத் திட்டமிடும்போது, அந்த 100 கிலோவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.