பிரிட்டனில் புது வீடு: இணையமும் டிவியும் செலவு குறைவாக எடுக்க

வாடகை வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்பது, "வைஃபை எப்போ வரும்?" அந்த அவசரத்தில்தான் பலர் இணையம், டிவி, லேண்ட்லைன் மூன்றும் சேர்ந்த பேக்கேஜை 24 மாதத்துக்கு எடுத்துவிடுகிறார்கள். ஆறேழு மாதத்தில் வேலை மாறும், அல்லது பிள்ளைக்கு நல்ல பள்ளி தேடி வேறு ஏரியாவுக்குப் போக வேண்டியிருக்கும். போகிற வீட்டில் அந்த நிறுவனத்தின் சேவை இல்லையென்றால், மீதி மாதங்களுக்கான கட்டணத்தில் பெரும்பகுதியைக் கேட்பார்கள். அதனால் இணையத்தைத் தனியாகவும் டிவியைத் தனியாகவும் பாருங்கள். முதல் வீட்டில் நீண்ட ஒப்பந்தம் வேண்டாம்.

வந்த புதிதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிராட்பேண்ட் நிறுவனங்கள் பெரும்பாலும் உங்கள் கடன் வரலாற்றைப் பார்க்கும். ஊரில் சிபில் ஸ்கோர் எவ்வளவு இருந்தாலும் இங்கே அது கணக்கில் வராது. விண்ணப்பத்தை நிராகரிப்பார்கள், இல்லாவிட்டால் டெபாசிட் கேட்பார்கள். ஒரே வாரத்தில் நாலு இடத்தில் விண்ணப்பித்துப் பார்ப்பதும் நல்லதல்ல. அதற்குப் பதில் ஒரு காரியம் செய்யுங்கள்: வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதியுங்கள். முறையான விசாவில் இங்கே வசிக்கும் இந்திய, இலங்கை, மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் பதியலாம். ஓட்டுப் போடுவது இருக்கட்டும், முகவரி அந்தப் பட்டியலில் இருந்தால் கடன் சரிபார்ப்பு சுலபமாகும். இது புதிதாக வருபவர்களில் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை.

அதுவரைக்கும் மாதாமாதம் புதுப்பிக்கும் அன்லிமிடெட் டேட்டா சிம் ஒன்று போதும். போனில் ஹாட்ஸ்பாட் போட்டாலே ஒருவர் வேலை பார்க்கலாம். குடும்பமாக இருந்தால் சிம் போடும் 4ஜி அல்லது 5ஜி ரவுட்டர் வாங்கி ஜன்னலோரம் வையுங்கள். எந்த நெட்வொர்க் என்பதை நண்பர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தெருவுக்குத் தெரு சிக்னல் மாறும். வீடு பார்க்கப் போகும்போதே போனில் வேகச் சோதனை செய்து பாருங்கள்.

அப்போதே சுவர்களையும் ஒரு நோட்டம் விடுங்கள். வாசல் பக்கத்திலோ ஹாலிலோ சின்ன வெள்ளைப் பெட்டி, பச்சை விளக்கு எரிய, ஓபன்ரீச் (பெரும்பாலான வீடுகளுக்கு இணையக் கம்பி போட்டிருக்கும் நிறுவனம்) என்று எழுதியிருந்தால் அந்த வீட்டுக்குள் ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கம்பி, ஏற்கெனவே வந்துவிட்டது. புதிதாக ஆள் வந்து துளை போட வேண்டிய வேலை அனேகமாக இருக்காது. வெறும் டெலிபோன் சாக்கெட் மட்டும் இருந்தால் தெருமுனையில் நிற்கும் இணைப்புப் பெட்டி (கேபினட்) வரை ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்குப் பழைய செம்புக் கம்பி என்ற ஏற்பாடாக இருக்கலாம். அதில் இறக்கும் (டவுன்லோடு) வேகம் அதிகபட்சம் 80 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தை அளக்கும் அலகு), ஏற்றும் (அப்லோடு) வேகம் 20. கேபினட்டிலிருந்து வீடு தள்ளிப் போகப் போக இது குறையும். திருகிப் பொருத்தும் உருண்டையான கேபிள் முனை இருந்தால் அது வர்ஜின் மீடியா என்ற நிறுவனத்தின் இணைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பிடி, ஸ்கை, ப்ளஸ்நெட், ஈஈ, டாக்டாக், வோடஃபோன் என்று பெயர்கள் பல. ஆனால் பெரும்பாலான வீடுகளுக்கு இவை வருவது ஓபன்ரீச்சின் அதே கம்பியில்தான். ஒரே கம்பி, ஒரே வேகம் என்றால் விலையையும் வாடிக்கையாளர் சேவையையும் மட்டும் ஒப்பிட்டால் போதும். வர்ஜின் மீடியாவுக்குச் சொந்தக் கம்பி. இவை தவிர, அடுக்குமாடிகளில் ஹைப்பர்ஆப்டிக், லண்டனில் கம்யூனிட்டி ஃபைபர் போன்ற சிறிய நிறுவனங்கள் தங்கள் சொந்த ஃபைபரை இழுத்திருக்கின்றன. இவை இருக்கும் இடங்களில் பெரிய நிறுவனங்களைவிட விலை குறைவாக இருப்பதும், ஒரு மாத ஒப்பந்தம் கிடைப்பதும் உண்டு. (ஹல் நகரத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அந்த ஊரில் தொலைபேசிக் கம்பியே கேகாம் என்ற உள்ளூர் நிறுவனத்துடையது.) விலை ஒப்பீட்டுத் தளங்களில் தேடும்போது போஸ்ட்கோடு மட்டும் போட்டு நிறுத்தாமல் கதவு எண்ணையும் தேர்ந்தெடுங்கள். ஒரே கட்டடத்தில் ஒரு ஃபிளாட்டுக்கு ஃபைபர் இருக்கும், அடுத்ததற்கு இருக்காது. புதிதாக ஃபைபர் இழுக்க வேண்டுமானால் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தில்தான் விற்பனையாளர்கள் நம்மை ஏமாற்றுவார்கள். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கு அந்த நிறுவனமே கேட்பது 15 எம்பிபிஎஸ். இருவர் வீட்டிலிருந்து வேலை, ஒரு டிவி, பிள்ளைகளின் டேப்லெட் என்று எல்லாம் சேர்த்தாலும் 70, 100 இருந்தால் தாராளம். 900 எடுத்தும் மாடி அறையில் வீடியோ சுற்றுகிறது என்றால் குறை கம்பியில் இல்லை, வைஃபையில். விக்டோரியா காலத்து வரிசை வீடுகளில் சாக்கெட் வாசலோரம் இருக்கும், நடுவில் கனத்த செங்கல் சுவர்கள். ரவுட்டரைக் காலணி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் வெளியே எடுத்து உயரத்தில் வைப்பது, டிவிக்கு நேரடியாக ஒரு கேபிள் இழுப்பது, இவ்வளவுதான் வைத்தியம்.

விலையைப் பார்க்கும்போது மாதக் கட்டணத்தைப் பார்க்காதீர்கள், மொத்தத்தைப் போடுங்கள். 2025 ஜனவரி 17-க்குப் பிறகு செய்யும் ஒப்பந்தங்களில், நடுவில் விலை ஏறுமானால் எத்தனை பவுண்டு, எத்தனை பென்ஸ் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதி. சொல்கிறார்கள், ஆனால் சின்ன எழுத்தில். மாதம் 27 பவுண்டு, ஒவ்வோர் ஏப்ரலிலும் 3 பவுண்டு ஏறும், 24 மாதம் என்று வைத்துக்கொள்வோம். அக்டோபரில் ஆரம்பித்தால் 6 மாதம் 27, அடுத்த 12 மாதம் 30, கடைசி 6 மாதம் 33. மொத்தம் 720 பவுண்டு. விளம்பரத்தை நம்பி மனதில் போட்ட கணக்கு 648. பக்கத்திலேயே விலை ஏறாத, மாதம் 29 பவுண்டு ஒப்பந்தம் இருந்தால் அதன் மொத்தம் 696. எது மலிவு என்று இப்போது தெரியும். இணைப்புக் கட்டணம், ரவுட்டர் தபால் செலவு இருந்தால் அதையும் சேருங்கள். கிஃப்ட் கார்டு தருகிறோம் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். அதைக் கேட்டு வாங்க வேண்டிய தேதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

லேண்ட்லைன் அழைப்புத் திட்டம் எதற்கு? பழைய தொலைபேசிக் கம்பி முறை 2027 ஜனவரிக்குள் மூடப்படுகிறது. ஊருக்குப் பேசுவது எல்லோரும் வாட்ஸப்பில்தான். அந்தக் கட்டத்தில் டிக் போடாமல் விடுங்கள்.

யுனிவர்சல் கிரெடிட் போன்ற உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு சோஷியல் டாரிஃப் என்ற சலுகைத் திட்டங்கள் உண்டு. மாதம் 15, 20 பவுண்டு அளவில் கிடைக்கும். அகதி அந்தஸ்து கிடைத்தவர்கள், நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்கள் கட்டாயம் விசாரியுங்கள். நிறுவனங்கள் தாமாக எடுத்துச் சொல்வது குறைவு. வேலை விசா, மாணவர் விசாவில் பெரும்பாலும் அரசு உதவித்தொகை பெறக்கூடாது என்ற நிபந்தனை இருப்பதால் அவர்களுக்கு இந்த வழி இல்லை.

இனி டிவி. புதுக் குடித்தனத்துக்கு டிஷ் எதுவும் தேவையில்லை. கூரையில் ஏரியல் (ஆன்டெனா) இருந்தால் அதன் கம்பியை டிவியில் செருகிச் சேனல் தேடச் சொன்னால் ஃப்ரீவியூ சேனல்கள் மாதக் கட்டணமில்லாமல் வரும். டிவி பெட்டிக்கும் பெரிதாகச் செலவழிக்க வேண்டாம். பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனத்தின் மின்சாதனக் கடைகளில் பயன்படுத்திய டிவி கிடைக்கும். ஸ்மார்ட் டிவி இல்லையென்றால் எச்டிஎம்ஐ துளையில் இணைய வீடியோ காட்டும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று செருகினால் போதும். தமிழ் நாடகமும் படமும் சன் நெக்ஸ்ட் போன்ற செயலிகளில் சந்தாவுக்குப் பார்க்கலாம். கிரிக்கெட் பிரியர்களுக்கு மட்டும் கொஞ்சம் கை கடிக்கும். ஸ்கை ஸ்போர்ட்ஸை ஆண்டு முழுக்க எடுப்பதைவிட, ஸ்கை நிறுவனத்தின் நவ் செயலியில் தொடர் நடக்கும் மாதம் மட்டும் எடுத்து நிறுத்திவிடுவது புத்திசாலித்தனம்.

டிவி லைசென்ஸ் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. டிவி பெட்டி வைத்திருப்பதற்கான வரி என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி அல்ல. எந்தச் சேனலையும் நேரலையில் பார்த்தாலோ, பிபிசியின் ஐபிளேயர் செயலியில் பிபிசி நிகழ்ச்சிகளைப் பார்த்தாலோ லைசென்ஸ் வேண்டும். கருவி எதுவானாலும், சேனல் எந்த நாட்டினுடையதானாலும் இதுவே சட்டம். ஆகவே போனில் யூடியூப் வழியாகத் தந்தி டிவியை நேரலையில் பார்த்தாலும் லைசென்ஸ் தேவை. அதே செய்தியைப் பிறகு தனி வீடியோவாகப் பார்த்தால் தேவையில்லை. நெட்ஃபிளிக்ஸ் படங்களுக்கும், சன் நெக்ஸ்டில் பழைய எபிசோடுகளுக்கும் தேவையில்லை. மீறினால் 1,000 பவுண்டு வரை அபராதம்.

லைசென்ஸ் இல்லாத முகவரிக்குப் பெயரில்லாமல், "சட்டபூர்வக் குடியிருப்பாளருக்கு" என்று மிரட்டலான கடிதங்கள் வரும். பயப்படாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். உண்மையிலேயே தேவையில்லை என்றால் டிவி லைசென்ஸிங் இணையதளத்தில் அப்படிப் பதியலாம். ஆள் வந்தாலும் நீதிமன்ற ஆணை இல்லாமல் நீங்கள் அனுமதிக்காமல் உள்ளே வர முடியாது. தேவைப்பட்டால் மாதத் தவணையில் கட்டலாம், ஆனால் முதல் ஆண்டுத் தொகையை ஆறு மாதத்தில் வசூலித்துவிடுவார்கள். 2025 கட்டணப்படி மாதம் சுமார் 29 பவுண்டு; அவ்வளவு வங்கியிலிருந்து போவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். வீட்டைப் பகிர்ந்து இருப்பவர்கள் ஒரே கூட்டு வாடகை ஒப்பந்தத்தில் இருந்தால் பொதுவாக ஒரு லைசென்ஸ் போதும். அறைக்கு அறை தனி ஒப்பந்தம் என்றால் அவரவர் அறைக்கு அவரவர் எடுக்க வேண்டும்.

சில கடைகளில் "பாக்ஸ்" ஒன்று காட்டுவார்கள். வருஷத்துக்கு ஒரு தொகை, எல்லாத் தமிழ்ச் சேனலும், எல்லா விளையாட்டும். அத்தனை சேனலும் அந்த விலைக்கு வருகிறது என்றாலே அது உரிமம் இல்லாத சேவை. சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு நாள் படம் வராமல் போனால் பணத்தைத் திருப்பிக் கேட்க ஆள் இருக்காது. முன்பின் தெரியாத செயலியில் உங்கள் வங்கி அட்டை விவரம் கிடக்கும்.

எல்லாம் எடுத்த பிறகு, ஒப்பந்தம் முடியும் தேதியைப் போன் காலண்டரில் குறித்து வையுங்கள். முடிவதற்கு 10 முதல் 40 நாள் முன்பு நிறுவனம் உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். சும்மா இருந்தால் மறு மாதமே விலை எகிறும். அதே வீட்டில் இருந்துகொண்டு வேறு நிறுவனத்துக்கு மாறுவது இப்போது சுலபம். 2024 செப்டம்பர் முதல் புது நிறுவனத்திடம் சொன்னால் போதும், பழையதை அவர்களே நிறுத்துவார்கள். வீடு மாறினால் மட்டும் நீங்களே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ரவுட்டர் பெரும்பாலும் அவர்களுடையது. திருப்பி அனுப்பும்போது தபால் நிலையத்தில் ரசீது வாங்கி, கடைசி பில் வரும் வரை பத்திரப்படுத்துங்கள்.