ஒரு தடவைக்கு ஒரே குண்டு: ரைஃபிள் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெரினாவில் பலூன் சுட்டவர்களுக்கு ஒற்றைக் குண்டு ரைஃபிளைத் தனியாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கடைக்காரர் குழலைச் சட்டென்று மடக்குவார், ஒரு சின்ன ஈயக் குண்டைக் கட்டைவிரலால் அழுத்திச் சொருகுவார், குழலை நிமிர்த்தி நம் கையில் தருவார். சுட்டதும் துப்பாக்கி அவரிடமே திரும்பிப் போகும். மறுபடி மடக்கல், மறுபடி ஒரு குண்டு. தீவுத்திடல் பொருட்காட்சியிலும் இதே கதைதான். அந்த நாலைந்து நொடி இடைவெளியில், "இந்தத் தடவை மூலையில் இருக்கிற மஞ்சள் பலூன்" என்று மனதுக்குள் ஒரு முடிவு எடுக்கிறோம் இல்லையா, இந்த விளையாட்டின் மொத்த ருசியும் அங்கேதான் இருக்கிறது.

பன்னிரண்டு வருடமாகத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அவர்கள் செய்யும் தவறுகள் பார்க்க வேறு வேறாக இருந்தாலும், பெரும்பாலானவை ஒரே வேரில் கிளைத்தவை. இரண்டு குண்டுகளுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தை வீண் நேரம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஒற்றைக்குழல் துப்பாக்கி வேறு, ஒற்றைக் குண்டு ரைஃபிள் வேறு. மேகசினில் பத்துக் குண்டு அடைத்துச் சுடும் ரைஃபிளுக்கும் குழல் ஒன்றுதான். நான் சொல்வது மேகசினே இல்லாமல், ஒவ்வொரு தடவையும் கையால் ஒரு குண்டைப் போட்டுச் சுடுவது.

"இது ஆரம்பநிலை, அப்புறம் பெரிய துப்பாக்கிக்குப் போகலாம்" என்ற எண்ணத்தோடுதான் பலர் வருகிறார்கள். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். வெள்ளைக்காரர் காலத்தில் வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் லீ-என்ஃபீல்ட் என்ற ராணுவ ரைஃபிள்களை .410 மஸ்கட் என்ற காவலர் துப்பாக்கியாக மாற்றியபோது, மேகசின் இருந்த இடத்தில் மரக்கட்டையை அடைத்து ஒற்றைக் குண்டு ஆயுதமாக்கினார்கள். காவலர் கையில் இருந்த அந்த மஸ்கட்டைப் பார்த்தவர்களுக்கு, ஒற்றைக் குண்டு என்றால் எதையோ பிடுங்கிக்கொண்டு கொடுத்தது என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளும் சரி, 50 மீட்டர் ரைஃபிளும் சரி, குண்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் போட்டுத்தான் சுட வேண்டும். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசி ஷாட்டில் 10.8 (ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9) அடித்துத் தங்கம் வாங்கியது இப்படித்தான். நம் சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியதும், ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸில் 50 மீட்டரில் வெண்கலம் வாங்கியதும் இப்படித்தான். இதற்கு மேலே போக வேறு படி கிடையாது.

ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடம். அதாவது குண்டு ஒன்றுக்கு ஒன்றேகால் நிமிடம். சுடும் வேலைக்குப் பத்து நொடிகூட ஆகாது. மிச்ச நேரம் முழுக்க மூச்சு, கால், கன்னம், மனசு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொள்வதற்கு. புதியவர்கள் 25 நிமிடத்தில் அறுபதையும் முடித்துவிட்டு, "சார், முடிச்சிட்டேன்" என்று நிற்பார்கள்.

இறக்கி வைக்கத் தெரியாதது

நான் அதிகம் பார்க்கும் தவறு இது. இதைத் திருத்துவதுதான் மிகவும் கஷ்டம்.

ரைஃபிளைத் தூக்கி, கன்னத்தை வைத்து, சைட் எனும் குறிபார்க்கும் வளையத்துக்குள் இலக்கின் கறுப்பு வட்டம் வந்து உட்காரும்போது முதல் நாலைந்து நொடி அசைவு குறையும். சுட வேண்டிய நேரம் அதுதான். எட்டு, பத்து நொடி தாண்டினால் கை நடுங்கத் தொடங்கும், மூச்சுக்கு உடம்பு ஏங்கும். கண்ணுக்குக் களைப்பு வந்துவிடும்; ஆனால் முன்பு பார்த்த தெளிவான படமே இன்னும் தெரிவதாக மூளை ஏமாற்றும். இந்த நிலையில் "இவ்வளவு நேரம் பிடித்தாச்சு, சுட்டுவிடலாம்" என்று ட்ரிகரைச் சட்டென்று இழுப்பார்கள். குண்டு எட்டிலோ ஏழிலோ போய் உட்காரும்.

செய்ய வேண்டியது ரைஃபிளை இறக்கி வைப்பதுதான். ஐந்தரை கிலோ வரை கனமுள்ள பொருளைத் திரும்ப ஸ்டாண்டில் வைத்து, மூச்சு விட்டு, முதலில் இருந்து தொடங்குவது. இதைத் தோல்வி மாதிரி நினைக்கிறார்கள். பக்கத்து லேனில் சுடுபவர் பார்ப்பாரோ என்று கூச்சம். பெரம்பூரிலிருந்து வரும் ஒரு கல்லூரிப் பெண், சென்ற மாதம் ஒரே குண்டுக்கு மூன்று தடவை தூக்கி மூன்று தடவையும் இறக்கினாள். நான்காவது தடவை 10.6. அந்த நாளில் அவள் சுட்டதிலேயே எனக்குப் பிடித்தது அந்த 10.6 அல்ல, அதற்கு முன்னால் சுடாமல் விட்ட மூன்றுதான்.

ட்ரிகரில் விரலை எப்போது வைப்பது என்பதும் இதோடு சேர்ந்ததே. அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் 2008 பெய்ஜிங்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் (மண்டியிட்டு, படுத்து, நின்று சுடும்) போட்டியின் கடைசி ஷாட்டில் முன்னிலையில் இருந்தார். மேலேயிருந்து இலக்கை நோக்கி இறங்கி வரும்போதே விரல் ட்ரிகரில் பட்டுவிட்டது. 4.4. தங்கம் போய் நான்காவது இடம். உலகத் தரத்தில் உள்ளவருக்கே இந்தக் கதி என்றால், படம் சரியாக உட்காரும் வரை விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்கட்டும் என்பதை நாம் எவ்வளவு கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று பாருங்கள்.

பக்கத்து லேன் இலக்கு

அதே எம்மன்ஸுக்கு அதற்கு நாலு வருடம் முன்னால் ஏதென்ஸில் நடந்தது இன்னும் கொடுமை. அங்கும் கடைசி ஷாட், அங்கும் முன்னிலை. சாதாரணமாக ஒன்று அடித்தாலே போதும். சுட்டார், திரையில் எதுவும் வரவில்லை. குண்டு மூன்றாவது லேனின் இலக்கில் போய் இறங்கியிருந்தது. அவர் நின்றது இரண்டாவதில். கணக்கில் பூஜ்யம், எட்டாவது இடம்.

இது புதுக் கதையும் இல்லை. 1874இல் நியூயார்க் பக்கம் கிரீட்மூரில் அமெரிக்காவுக்கும் அயர்லாந்துக்கும் நடந்த புகழ்பெற்ற போட்டியில் எல்லார் கையிலும் ஒற்றைக் குண்டு ரைஃபிள்கள்தான். அமெரிக்கர்கள் பின்பக்கம் குண்டு போடும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் வைத்திருந்தார்கள். அயர்லாந்துக்காரர்கள் வாய்வழி மருந்து கெட்டிக்கும் ரிக்பி. தூரம் 800, 900, 1000 கெஜம். முடிவு 934க்கு 931. அயர்லாந்து வீரர் ஒருவர் அடித்த நடுப்புள்ளி ஒன்று வேறு இலக்கில் விழுந்து கணக்கில் சேரவில்லை. அதன் மதிப்பு 4. தோற்றது 3 புள்ளியில்.

ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் உங்கள் இலக்கின் எண்ணைக் கண்ணால் ஒரு தடவை படியுங்கள். அரை நொடி வேலை. குண்டைப் போடும் அசைவோடு அதைச் சேர்த்துப் பழகிவிட்டால் தனியாக ஞாபகம் வைக்க வேண்டியதில்லை.

சுட்டவுடன் திரையைப் பார்ப்பது

இப்போது பல ரேஞ்சுகளில் எலக்ட்ரானிக் இலக்கு வந்துவிட்டது. சுட்ட மறு நொடியே பக்கத்துத் திரையில் மதிப்பெண் வரும். அதனால் ட்ரிகர் முறிவதற்கு, அதாவது அழுத்தம் தாங்காமல் ட்ரிகர் குண்டை விடுவதற்கு, முன்பே தலை அந்தப் பக்கம் திரும்பத் தொடங்குகிறது. குண்டு 10 மீட்டரைக் கடக்க நொடியில் பதினேழில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. குழலை விட்டு வெளியேறவும் கொஞ்சம் நேரம் வேண்டும். அதற்குள் கன்னம் அசைந்தால் குழலும் அசையும். பத்தின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான், பேனா முனையால் வைத்த புள்ளி அளவு. அங்கே எந்த அசைவும் சின்ன அசைவு இல்லை.

இதற்கு நான் கொடுக்கும் பயிற்சி எளிது. பத்துக் குண்டுகளுக்குத் திரையைத் துண்டால் மூடிவிடுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் கண்ணைச் சைட்டிலேயே இரண்டு நொடி வையுங்கள், பிறகு குண்டு எங்கே போனது என்று நீங்களே ஒரு நோட்டில் எழுதுங்கள். "வலது மேல், ஒன்பது" என்கிற மாதிரி. பத்தும் முடிந்ததும் துண்டை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் வாரம் எதுவும் பொருந்தாது. ஒரு மாதத்தில் ஏழெட்டு பொருந்தத் தொடங்கும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதை மதிப்பெண்ணோடு ஒப்பிடவே முடியாது. வேகமாகச் சுடும் துப்பாக்கிகளில் இது கிடைக்காது. நாம் செய்ததற்கும் இலக்கில் விழுந்ததற்கும் உள்ள தொடர்பை ஒவ்வொன்றாகப் படிக்க ஒற்றைக் குண்டுதான் நேரம் தருகிறது.

இதே அவசரத்தின் தம்பிதான் சைட் திருகுவது. ஒரு குண்டு இடது பக்கம் போனால் உடனே வலது பக்கம் இரண்டு கிளிக். அடுத்தது வலது பக்கம் போகும், உடனே திரும்ப இடது. அரை மணி நேரம் இப்படிப் போனால் தவறு ரைஃபிளிலா, கையிலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. குறைந்தது ஐந்து குண்டாவது ஒரே மாதிரி சுட்டு, அவை ஒன்றாகச் சேர்ந்து விழுகின்றனவா என்று பாருங்கள். சேர்ந்து இடது பக்கம் விழுந்தால் திருகுங்கள். சிதறி விழுந்தால் சைட்டைத் தொடாதீர்கள்.

உடம்பை வளைத்து இலக்குக்குக் கொண்டுபோவது

ராயபுரம், வியாசர்பாடிப் பக்கம் கேரம் ஆடுபவர்களைக் கவனித்தால் தெரியும். ஸ்ட்ரைக்கரை வைப்பதற்கு முன் ஸ்டூலில் உட்காரும் கோணத்தைச் சரிசெய்வார்கள், விரல் கடைசியில்தான் வரும். ரைஃபிளிலும் அதே. நிலையெடுத்து, கண்ணை மூடி, இரண்டு தடவை மூச்சு விட்டுக் கண்ணைத் திறங்கள். சைட் இலக்குக்கு இடது பக்கம் நிற்கிறதா? கையால் தள்ளாதீர்கள். பின்கால் பாதத்தைக் கொஞ்சம் நகர்த்துங்கள். மறுபடி கண்ணை மூடித் திறங்கள். உடம்பு தளர்ந்த நிலையிலேயே சைட் இலக்கில் வந்து நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். தசையால் தள்ளிப் பிடித்தால் ட்ரிகர் முறியும் நொடியில் தசை தளர்ந்து குழல் பழைய இடத்துக்கே ஓடும்.

ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிளுக்கு இன்னொரு விஷயம். அதை இறுக்கிப் பிடிப்பது தப்பு. உள்ளே பிஸ்டன் ஓடி முடிந்த பிறகுதான் குண்டு வெளியே வருகிறது, அதுவரை ரைஃபிள் துள்ளும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி துள்ளட்டும் என்று உள்ளங்கையில் தளர்வாக ஏந்திக்கொள்ளுங்கள். குண்டு போடாமல் வெறுமனே சுட்டுப் பார்க்கவும் கூடாது, பிஸ்டன் சீல் அடிவாங்கும். வெறும் சூடு பழக வேண்டுமென்றால் அதற்கென்றே வசதி உள்ள போட்டி ரைஃபிளில் பழகுங்கள்.

நம் ஊர் காற்றும் வேர்வையும்

சென்னையில் ரைஃபிளுக்கு முதல் எதிரி உப்புக் காற்று. மே மாதத்தில் கேன்வாஸ் ஜாக்கெட்டைப் போட்டு அரை மணி நேரம் நின்றாலே உள்ளே பனியன் நனைந்துவிடும். அந்தக் கையோடு தொட்ட இரும்பை அப்படியே பஞ்சுப் பெட்டியில் மூடி வைத்தால் இரண்டு நாளில் விரல் ரேகை துருவாகத் தெரியும். வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, லேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடைப்பது. காற்றுச் சிலிண்டர் ரைஃபிளைக் கைப்பம்பில் நிரப்புபவர்கள் நடுவில் நிறுத்தி ஈரத்தை வெளியேற்ற வேண்டும். ஆக்ஸிஜனை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிரப்பாதீர்கள். எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் வெடிக்கும்.

குண்டுகளை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் சில பிள்ளைகளிடம் இருக்கிறது. அது ஈயம். சுட்டு முடித்துக் கை கழுவாமல் கேன்டீனில் வடையைத் தொடுவதும் அதே தவறுதான்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. ஏர் ரைஃபிளின் குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள்ளும், சக்தி 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் உரிமம் வேண்டாம் என்கின்றன 2016 ஆயுத விதிகள். உரிமம் வேண்டாம் என்பதால் மொட்டை மாடியில் சுடலாம் என்று ஆகாது. தவறிய குண்டு பக்கத்து மாடியில் துணி காயப்போடுபவர் கண்ணில் படலாம். கிளியையும் மைனாவையும் குறி வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்படிச் சுடுபவருக்கு நான் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஒரு குண்டுதானே, சுட்டாச்சு, காலி

ஒற்றைக் குண்டு ரைஃபிளுக்கே உரிய ஆபத்தான தவறு இது. மேகசின் இல்லாததால் உள்ளே எதுவும் இருக்காது என்று மனம் நம்பிவிடுகிறது. ஆனால் குண்டைப் போட்டு மூடிய பிறகு ரேஞ்ச் அதிகாரி "ஸ்டாப்" சொல்லிவிட்டால்? ரைஃபிளை இறக்கி வைத்துவிட்டு யாரோடாவது பேசப் போனால்? என் மூன்றாவது வருடத்தில் இது எனக்கே நடந்தது. டீ குடித்துவிட்டு வந்து, காலி என்று நினைத்து இன்னொரு குண்டைப் போடப் போனபோது அது உள்ளே இறங்கவில்லை. ஏற்கெனவே ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது. கால் மணி நேரம் நிரம்பிய ரைஃபிளை மேசையில் விட்டுப் போயிருக்கிறேன். உட்கார்ந்துவிட்டேன், அன்று அதற்கு மேல் சுடவில்லை.

அன்றிலிருந்து லேனை விட்டு ஓரடி நகர்ந்தாலும் திறந்து பார்க்கிறேன், பிறகு பாதுகாப்பு நரம்பைச் சொருகுகிறேன். குழல் முழுக்க நுழைந்து இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கயிறு அது. உள்ளே குண்டு இருந்தால் அந்தக் கயிறு கடக்காது. பையின் ஜிப்பை இழுக்கும் முன் இரண்டு முனையும் வெளியே தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.