மேட்ச் நிபந்தனையில் பூலியன் ஃபங்ஷன்: பிழை தேடும் முறை

எக்ஸ்எம்எல் ஆவணங்களை உருமாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியில், எந்த உறுப்புக்கு எந்த டெம்ப்ளேட் (உருமாற்ற விதி) ஓடவேண்டும் என்பதை அதன் மேட்ச் பண்பு சொல்கிறது. 2.0 பதிப்பு முதல், நாமே எழுதிய ஃபங்ஷனை அந்த மேட்ச் பண்பிலேயே, சதுர அடைப்புக்குறிக்குள் நிபந்தனையாக அழைக்கலாம். பொருள்[என்:விற்கலாமா(.)] என்று எழுதினால் விற்கத்தக்க பொருள்கள் மட்டுமே அந்த டெம்ப்ளேட்டுக்கு வரவேண்டும். எல்லாப் பொருளும் வந்து நின்றால் பலரும் ஃபங்ஷனின் தர்க்கத்தை வரிவரியாகக் குடைவார்கள். நான் அதைக் கடைசியில்தான் தொடுவேன். முதலில் பார்ப்பது, அது திருப்பித் தரும் மதிப்பின் வகையை.

ஃபங்ஷனுக்குள் வேல்யூ-ஆஃப் கட்டளை இருக்கிறதா என்று பாருங்கள். அது தருவது பூலியன் (உண்மை அல்லது பொய் என்ற மதிப்பு) அல்ல, டெக்ஸ்ட் நோட், அதாவது ஓர் உரைத் துண்டு. அதனுள் ‘ஃபால்ஸ்’ (பொய்) என்றே எழுதியிருந்தாலும், சதுர அடைப்புக்குறி அந்தச் சொல்லைப் படிப்பதில்லை. நோட் ஒன்று வந்ததா என்று மட்டும் பார்க்கிறது. வந்துவிட்டால் உண்மைதான். ஆகவே வேல்யூ-ஆஃப் இருக்கும் இடத்தில், மதிப்பை வகை மாறாமல் அப்படியே தரும் சீக்வென்ஸ் கட்டளையை எழுதுங்கள்; ஃபங்ஷன் தரும் மதிப்பின் வகையைச் சொல்லும் ஆஸ் பண்பில் எக்ஸ்எஸ்:பூலியன் என்று அறிவியுங்கள். இந்த அறிவிப்பு இல்லாத சோதனை ஃபங்ஷனை நான் நம்புவதே இல்லை. எண்ணைத் திருப்பித் தந்தால் நிலைமை இன்னும் மோசம்: 1 என்பது ‘உண்மை’ ஆகாது, ‘முதலாவது பொருள்’ என்றாகிவிடும்.

பொருள்[@இருப்பு] என்று ஒரு பண்பின் பெயரை (@ என்பது பண்பைக் குறிக்கும்) மட்டும் எழுதுவதும் இதே ரகம். பண்பின் மதிப்பு ‘இல்லை’ என்றிருந்தாலும் பண்பு இருப்பதால் பொருந்தும். @இருப்பு = 'உண்டு' என்று ஒப்பிட்டே எழுதவேண்டும்.

ஒன்றுமே பொருந்தவில்லையா? ஃபங்ஷன் உள்ளுக்குள் முறிகிறதோ என்று சந்தேகியுங்கள். காலியான விலையைத் தசம எண்ணாக மாற்ற முயன்றால் பிழை எழும். ஆனால் மேட்ச் பண்பில் எழும் பிழை பெரும்பாலும் ‘பொருந்தவில்லை’ என்றே கொள்ளப்படும், ஓட்டம் நிற்காது. அழைப்பை வெளியே கொண்டுவாருங்கள். மேல்நிலை உறுப்பின் டெம்ப்ளேட்டில் ஃபார்-ஈச் என்ற சுழற்சிக் கட்டளையை வைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஃபங்ஷனின் விடையை மெசேஜ் கட்டளை வழியாக அச்சிடுங்கள். அங்கே பிழை வெளிப்படையாகத் தெரியும். விடையை மட்டும் அச்சிட்டால் போதாது. டெக்ஸ்ட் நோடும் பூலியனும் ஒரே மாதிரி ‘ஃபால்ஸ்’ என்றுதான் வரும். வகையைச் சோதிக்கும் இன்ஸ்டன்ஸ் ஆஃப் கொண்டு அது பூலியன்தானா என்றும் கேட்டு, அதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

விடை சரியாக இருந்தும் டெம்ப்ளேட் ஓடவில்லை என்றால், முன்னுரிமையைப் பாருங்கள். நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால், மேட்ச் பண்பில் வெறும் உறுப்புப் பெயர் மட்டும் இருக்கும் டெம்ப்ளேட்டுக்கு 0, நிபந்தனை உள்ளதற்கு 0.5; பெரிய எண்ணே வெல்லும். நிபந்தனையுள்ள இரண்டு டெம்ப்ளேட்டுகள் ஒரே பொருளுக்குப் பொருந்தினால் வழக்கமாகக் கடைசியில் எழுதியதே வெல்லும். வெல்லவேண்டியதற்கு பிரையாரிட்டி பண்பில் 1 கொடுத்துவிடுங்கள்.