சொல்லாமல் படகேறாதீர்கள்: பார்டர்லைன் உள்ள துணையோடு வாழ்கிறவர்களுக்கு

போன வாரம் ராமேஸ்வரத்தில் மீன்பிடிக்கப் போக டோக்கன் வாங்கிவிட்டு நின்றபோது, எங்கள் படகில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் போனை அணைத்துப் பையில் போட்டான். “வீட்டுல சொல்லல அண்ணே. சொன்னா அழுவா, சண்டை வரும்” என்றான். அவன் மனைவிக்குப் பார்டர்லைன், அதாவது எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம்தான் ஆகிறது. பதினொரு வருடத்துக்கு முன் நான் செய்ததை அப்படியே செய்கிறான். இதை என் மனைவியிடம் படித்துக் காட்டி, அவள் சரி என்ற பிறகே வெளியிடுகிறேன்.

கை நீட்டுவதும் குடித்துவிட்டுச் சண்டை போடுவதும் தவறு என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்லது என்று நினைத்தே செய்கிறவற்றைத்தான் சொல்ல வந்தேன்.

சொல்லாமல் நழுவுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. பெரியவர்களே இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். “அவ தூங்கும்போதே கிளம்பிரு” என்று என் அம்மாவே சொன்னார். விடியுமுன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறியிருக்கிறேன்.

இந்த நோயின் அடியில் கிடப்பது, நம்மை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம். நமக்கு அது ஒரு நாள் தொழில். விழித்துப் பார்க்கிறவளுக்குப் பாய் காலி, போன் எடுக்கவில்லை. முதல் நாள் ராத்திரி “உங்களை மாதிரி யாருமில்லை” என்றவள், நான் திரும்பியதும் “நீ மனுசனே இல்லை” என்பாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன். அந்தந்த நேரத்தில் அவளுக்கு இரண்டும் முழு உண்மை. அதோடு, இலங்கைக் கடற்படை படகைப் பிடித்த செய்தி அடிக்கடி வருகிற ஊர் இது. இங்கே அந்தப் பயத்துக்குத் தீனி போட ஆள் தேவையில்லை.

நான் கடைசியாக அப்படிப் போனது மீன்பிடித் தடைக்காலம் முடிந்த முதல் பயணத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கூடவே இருந்துவிட்டு, ஒரு காலையில் காணாமல் போனேன். மறுநாள் கரைக்கு வந்தால் மச்சான் நிற்கிறார். தன்னைக் காயப்படுத்திக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருடம், நான் குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே வந்து நின்றாள்.

இப்போது முதல் நாள் சாயங்காலமே சொல்லிவிடுகிறேன்: எப்போது கிளம்புவேன், எப்போது டவர் போகும், மறுநாள் எப்போது வருவேன். காலண்டரிலும் எழுதுகிறோம். அழுவாள். “பயமாத்தான் இருக்கும், தெரியும். போயிட்டு வந்துருவேன்” என்பேன். பயப்படாதே என்று சொல்வதில்லை. ஆறு மணிக்கு வருவேன் என்று தோன்றினால் ஒன்பது என்று சொல்வேன். தாமதமானால் வாக்கிடாக்கியில் வேறு படகுக்குச் சொல்லிவிடுவேன். முதலில் கரை சேர்கிறவர் அவளைக் கூப்பிடுவார். முதல் மூன்று மாதம் சண்டை குறையவே இல்லை. அந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

“இனி கடலுக்கே போகமாட்டேன்” என்பது

காப்பாற்ற முடியாத வாக்கும் நழுவுவதுதான்.

“சும்மா மிரட்டுகிறாள்” என்பது

செத்துப்போவேன் என்றால் ஒவ்வொரு முறையும் நம்புங்கள். தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

கட்டிப்போடுவது

ஏர்வாடி தர்காவுக்குப் போய் வேண்டிக்கொள்ளுங்கள், நாங்களும் போகிறோம். சங்கிலி மட்டும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

மாத்திரையோடு நிறுத்திக்கொள்வது

இந்த நோய்க்கென்று தனி மாத்திரை கிடையாது. தூக்கமின்மைக்கும் கூடவே வரும் மனச்சோர்வுக்கும் தருவார்கள். முக்கியமான சிகிச்சை பேச்சுதான். அதற்காக மாதம் இரண்டு முறை மதுரைக்குப் பஸ் ஏறினோம். அந்தப் பேச்சு சிகிச்சைகளில், கொந்தளிக்கும் உணர்ச்சியைச் சமாளிக்கப் பழக்குகிற டி.பி.டி. என்பதை உருவாக்கியவர் மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர். இளவயதில் தானும் இதே துயரத்தோடு மருத்துவமனையில் கிடந்ததை 2011-ல் வெளிப்படையாகச் சொன்னார். இதைக் கேட்ட அன்றுதான் என் மனைவி முதல்முறையாக “அப்ப நானும் சரியாவேனா?” என்று கேட்டாள்.

அந்தத் தம்பியின் போனை வாங்கி நானே ஆன் செய்து கொடுத்தேன். டவர் போகும்வரை படகின் முன்பக்கம் அணியத்தில் உட்கார்ந்து மனைவியோடு பேசிக்கொண்டிருந்தான்.