"நல்லாத்தானே இருக்கு" என்று தள்ளிப்போடாதீர்கள்

நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ வீட்டுக்கு வந்ததும் ஒரு ஊசி போட்டுவிட்டு, தடுப்பூசி வேலை அதோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். முடியவில்லை. தாயின் சீம்பால் வழியாகக் குட்டிக்கு வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை நாம் போடும் தடுப்பூசியையும் அது வேலை செய்ய விடாது, அது எந்த வாரத்தில் குறையும் என்பதும் குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் 6 அல்லது 8 வாரத்தில் ஆரம்பித்து 16 வாரம் ஆகும்வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். "ரெண்டு ஊசி போட்டாச்சு, குட்டி துள்ளிக்கிட்டு இருக்கு" என்று கடைசி ஊசியை விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. நாய்க்குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவைக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும், அதனால் தடுப்பூசி முடியும்வரை மற்ற நாய்கள் புழங்கும் இடத்தில் குட்டியைத் தரையில் விடாதீர்கள். அதற்காக அறைக்குள் பூட்டியும் வைக்காதீர்கள், ஆட்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் பழகும் வயது அதுதான், தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

புழு மருந்தும் அப்படித்தான். மலத்தில் புழு தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நாய்க்குட்டிக்குத் தாயின் வயிற்றில் இருக்கும்போதே புழு வந்துவிடும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, கண்ணால் பார்த்து உத்தேசமாக ஊற்றாதீர்கள். அப்புறம், பூனைக்குட்டிக்குப் பசும்பால் வேண்டவே வேண்டாம், வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

வளர்ந்த பிறகு வரும் தவறுகளில் என்னை மிகவும் பயமுறுத்துவது நம் மருந்து டப்பாவைத் திறப்பது. காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்தால், ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடலாம். அதை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் போதுமான அளவு கிடையாது. நாய்க்கு இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையைக் கொடுத்தால் வயிற்றில் புண், சிறுநீரகப் பாதிப்பு. நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவுவதும் இதே ரகம்தான், அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போகலாம்.

ஆண் பூனை மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, ஆனால் சிறுநீர் வரவில்லை என்றால் மலச்சிக்கல் என்று நினைத்து மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம், ஓரிரு நாளில் உயிர் போகும். ராத்திரியாக இருந்தாலும் கிளம்புங்கள். கருத்தடை செய்யாத பெண் நாய் ஹீட் (இணை சேரும் பருவம்) முடிந்த சில வாரங்களில் சோர்ந்து, தண்ணீர் அதிகமாகக் குடித்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம், அதுவும் அவசரம்தான். கருத்தடை செய்த பிறகு பழைய அளவிலேயே சாப்பாடு போட்டால் எடை ஏறும். விலாவைத் தடவிப் பாருங்கள், எலும்பு லேசாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும், அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடிவிட்டது என்று அர்த்தம்.

சரி, வயதான காலம். "வயசாயிடுச்சு, அதான் படுத்தே கிடக்கு" என்று நானும் என் நாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூட்டு வலி என்று தெரிந்து சிகிச்சை ஆரம்பித்த பிறகு அது மறுபடியும் தானாகப் படியேறி வந்ததைப் பார்த்தபோது, வீணாக வலியில் விட்டுவிட்ட மாதங்கள்தான் மனதில் நின்றன. வலித்தால் இவை கத்தாது, மறைத்துக்கொள்ளும். உயரத்தில் ஏறுவதைப் பூனை நிறுத்தினால் அதுவே வலியாக இருக்கலாம். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் தைராய்டு அல்லது சர்க்கரை, தண்ணீர் நிறையக் குடித்து நிறையச் சிறுநீர் கழித்தால் சிறுநீரகம், இவற்றையெல்லாம் ரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம். பெரிய இன நாய்களுக்கு முதுமை சீக்கிரமே வந்துவிடும். முதுமை தொடங்கியதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டுவது நல்லது.

போகும்போது ஒன்று செய்யுங்கள். வீட்டில் அது எழுந்து நடப்பதை, நொண்டுவதை, இருமுவதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டரின் மேஜை மேல் ஏறியதும் பதற்றத்தில் நொண்டல் எங்கேயோ காணாமல் போய்விடும், அவரால் எதையும் பார்க்க முடியாது.